அபினுக்குத் தடுப்பூசி: ஓர் அளவுக் கணக்கின் சரித்திரம்

அம்மைக்குத் தடுப்பூசி கண்ட வைத்திய சாஸ்திரம், அபினின் வம்சத்தில் பிறந்த போதைப் பொருள்களுக்கும் அவ்வழியிலேயே அணை போடலாமா என்று ஆராயத் தொடங்கி அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. முதல் இடையூறு உருவத்தில் இருந்தது. மார்ஃபீன் மூலக்கூறின் எடை 285 டால்டன். அதைப் பிடிக்க வேண்டிய எதிர்ப்புரதமோ சுமார் 1,50,000 டால்டன். இத்தனை அற்பமான பொருளைச் சரீரத்தின் காவற்படை ஏறிட்டும் பார்ப்பதில்லை. ஆயினும், அத்தகைய சிறு பொருளைப் பெரிய புரதமொன்றின் முதுகில் ஏற்றி அனுப்பினால் காவற்படை அதையும் அந்நியமென்று கண்டுகொள்ளும் என்பதை, ரத்த வகைகளைக் கண்டறிந்த கார்ல் லாண்ட்ஸ்டைனர் முன்பே ருசுப்படுத்தி, அவ்வாறு சவாரி செய்யும் பொருளுக்கு ஹாப்டன் என்று பெயரும் இட்டிருந்தார்.

1970-இல் ஆய்வாளர் ஸிட்னி ஸ்பெக்டர் இம்முறையில் மார்ஃபீனுக்கு எதிர்ப்புரதம் உண்டாக்கியது சிகிச்சையை எண்ணி அன்று. ரத்தத்தில் கலந்த மார்ஃபீனை அளப்பதற்கே. 1972-இல் சுண்டெலிகளிடம் மார்ஃபீனுக்கு எதிர்ப்புச் சக்தி உண்டாவது தெரிந்தது. இரண்டாண்டு கழித்துச் சிகாகோ ஆய்வாளர்கள், ஹெராயினையும் கொக்கெயினையும் தானே நாளத்தில் செலுத்திக்கொள்ளப் பழகிய ஒரு ரீசஸ் குரங்குக்கு மார்ஃபீன் தடுப்பூசி போட்டனர். ஹெராயின் நாட்டம் குறைந்தது, கொக்கெயின் நாட்டம் குறையவில்லை. ஒற்றைக் குரங்கு என்றதும் இக்காலத்து மாணவர் நகைக்கலாம். ஆனால் குறைந்தது பொதுவான சோர்வினால் அன்று என்பதை அக்கொக்கெயினே காட்டியதால், இதை நேர்த்தியான சோதனை என்றே கருதுகிறேன். ஹெராயினின் அளவைக் கூட்டியபோது அணை உடைந்தது. அடிமைப்பட்டோருக்கு மெத்தடோன் சிகிச்சை பரவி, 1984-இல் நால்ட்ரெக்ஸோன் மாத்திரையும் வந்தபின் ஊசியை நாடுவோர் அருகினர்.

அணை உடைந்ததன் காரணம் எளிய கணக்கு. ஓர் எதிர்ப்புரதம் இரண்டே மூலக்கூறுகளைப் பிடிக்கும். ஆகவே 10 மில்லிகிராம் மார்ஃபீனை முற்றிலும் கட்டிவைக்க ஏறத்தாழ 2.6 கிராம் எதிர்ப்புரதம் வேண்டும்; ஒரு பொருளுக்கென்று மட்டும் சரீரம் அவ்வளவு உற்பத்தி செய்வது அரிது. ஹெராயினிலோ மற்றொரு சிக்கல்: சில நிமிஷங்களில் அது 6-அசிட்டைல்மார்ஃபீனாகவும், பின்னர் மார்ஃபீனாகவும் உருமாறிவிடுகிறது. ஸ்கிரிப்ஸ் ஆராய்ச்சி நிலையத்தில் கிம் ஜாண்டா குழுவினர் 2011-இல் வெளியிட்ட ஊசி இவ்வுருமாற்றங்களையும் குறிவைத்து அமைந்தது.

பிறகு வந்தது ஃபென்டனில். பெல்ஜியத்தில் பால் ஜான்ஸன் உருவாக்கிய இம்மருந்து மார்ஃபீனைவிடச் சுமார் நூறு மடங்கு வீரியமுள்ளது. 2021-இல் அமெரிக்காவில் 70,000-க்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்த செயற்கை ஓபியாய்டுகளில் பெரும்பாலானது இதுவே. ஆனால் அந்த உக்கிரமே தடுப்பூசிக்கு அனுகூலமாயிற்று என்பது இச்சரித்திரத்தின் விந்தை. மார்ஃபீன் 10 மில்லிகிராமின் வேலையை 0.1 மில்லிகிராம் ஃபென்டனில் செய்துவிடுவதால், அதைக் கட்ட 22 மில்லிகிராம் எதிர்ப்புரதமே போதும். 2016-இல் ஜாண்டா குழுவினர் சுண்டெலிகளிடமும், 2022-இல் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தார் எலிகளிடமும் அடைந்த வெற்றிக்கு இக்கணக்கும் துணைநின்றது.

எதிர்ப்புரதம் தன் இலக்கைத் தவிர மற்றதைத் தொடாததால், போதை அளவு மீறியவரின் உயிர்காக்கும் நலாக்ஸோன் தடையின்றி வேலை செய்யும். அடிமைப்பட்டவர் வேறொரு போதைக்கு மாறவும் அதே வாயில் திறந்திருக்கும். அறுவைச் சிகிச்சையில் ஃபென்டனிலையே நம்பும் மயக்க மருத்துவர், ஊசி போட்டவருக்கு வேறு மருந்து தேட நேரும். மனிதரிடம் 2021-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய முதற்கட்டச் சோதனை ஃபென்டனிலுக்கானது அன்று. மருத்துவரின் சீட்டிலிருந்தே பலரை அடிமையாக்கிய ஆக்ஸிகோடோனுக்கானது.