திரும்பிப் பார்த்து ஓட்டும் பந்தயம்

மோட்டார் சைக்கிள் பந்தயம் என்றதும் மனக்கண்ணில் தோன்றுவது என்ன? ஒருவரை ஒருவர் முந்தும் வேகம். முதலாவதாக வந்தவருக்கு மாலை மரியாதை. முந்தியவன் வென்றான் என்பதுதான் பந்தயத்தின் பொது நீதி. ஆனால், முன்னால் செல்பவர் தம் தோழர் எங்கே வருகிறார் என்று திரும்பிப் பார்த்து ஓட்ட வேண்டிய பந்தயம் ஒன்றும் உண்டு. பிரிட்டனின் ஸ்பீட்வே விளையாட்டில், இரண்டாம் நிலை லீக்கின் ஜோடிப் போட்டி அத்தகையது.

முதலில் ஸ்பீட்வே என்றால் என்ன என்பதைப் பார்ப்போம். இது செப்பாங்கில் நடப்பதுபோல் தார்ச்சாலையில் ஓடும் பந்தயம் அன்று. முட்டை வடிவ மண் பாதையில் நால்வர் ஒரே நேரத்தில் புறப்பட்டு நான்கு சுற்று ஓட்டுவார்கள். ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். 500 சிசி வண்டி, கியர் ஒன்றே ஒன்று, பிரேக் கிடையாது. வளைவில் பின்சக்கரத்தைச் சறுக்க விட்டுத்தான் திருப்ப வேண்டும். ஆஸ்திரேலியாவின் வெஸ்ட் மெயிட்லண்ட் நகரில் 1923-இல் ஜானி ஹாஸ்கின்ஸ் நடத்திய பந்தயம் இவ்விளையாட்டின் தொடக்கங்களுள் முக்கியமானதாகச் சொல்லப்படுகிறது. 1928 பிப்ரவரி 19 அன்று லண்டனை அடுத்த ஹை பீச்சில் நடந்த பந்தயத்துக்குப் பெருங்கூட்டம் திரண்டது. மறு ஆண்டே பிரிட்டனில் லீக் ஆட்டங்கள் தொடங்கிவிட்டன.

நால்வரில் இருவர் ஒரு குழு, இருவர் மறு குழு. வழக்கமான கணக்கில் முதலிடத்துக்கு 3 புள்ளி, இரண்டாம் இடத்துக்கு 2, மூன்றாம் இடத்துக்கு 1, கடைசிக்கு ஒன்றுமில்லை. ஒரு ஜோடி முதலிடத்தையும் கடைசி இடத்தையும் பிடித்தால் 3 புள்ளி. மற்ற ஜோடி இரண்டாவது, மூன்றாவது வந்தாலும் அதே 3 புள்ளிதான். ஜோடிப் போட்டிகள் பலவற்றில் இந்தக் கணக்கை 4, 3, 2, 0 என்று மாற்றினார்கள். இப்போது முதலும் கடைசியும் சேர்ந்தால் 4. இரண்டும் மூன்றும் சேர்ந்தால் 5. தனியொருவர் மின்னலாய்ப் பறந்து முதலில் வந்தாலும், அவருடைய தோழர் கடைசியில் தங்கிவிட்டால் அந்த ஜோடிக்குத் தோல்விதான். எண்களில் செய்த சிறு மாற்றம் பந்தயத்தின் நீதியையே மாற்றிவிட்டது.

இரண்டாம் நிலை லீக் 1968-இல் பத்துக் குழுக்களோடு பிறந்தது. 1975-இல் அது புதிய தேசிய லீக் என்று பெயர் மாறியது. அதே ஆண்டில் நடந்த முதல் ஜோடிப் போட்டியில் நியூகாசில் குழுவின் டாம் ஓவனும் பிரையன் ஹேவ்லாக்கும் வாகை சூடினர். பிறகு லீக்கின் பெயர் பலமுறை மாறியது. 1991-இல் இரண்டாம் பிரிவு, 1997 முதல் பிரீமியர் லீக், 2017 முதல் சாம்பியன்ஷிப். பெயர் மாறினாலும் ஜோடிப் போட்டி தொடர்ந்து வந்தது.

அதற்குக் காரணம் என்ன? பெரிய நகரக் குழுக்களிடம் பணம் உண்டு. உலகத்தரமான ஓட்டிகளைக் கொண்டுவர முடியும். சிறிய ஊருக்கு ஒரு முழுக் குழுவைத் தேற்றுவதே பெரும்பாடு. ஆனால் ஒருவரை ஒருவர் நன்கு அறிந்த இருவர் போதும் என்றால், சிறிய ஊரும் துணிந்து களமிறங்கலாம். கார்த் தொழிற்சாலைக்குப் பெயர்போன எல்ஸ்மியர் போர்ட் 1976, 1978, 1985 ஆகிய ஆண்டுகளில் இப்பட்டத்தை வென்றது.

அந்த 1985-ஆம் ஆண்டு வெற்றிக்குள் ஒரு வேதனையும் இருக்கிறது. வென்ற இருவரில் ஒருவர் ஜோ ஓவன். முதல் போட்டியில் வென்ற டாம் ஓவனின் தம்பி. பத்தாண்டு இடைவெளியில் அண்ணன் பெற்ற பட்டத்தைத் தம்பியும் பெற்றார். அதே ஆண்டில் நேர்ந்த விபத்தில் ஜோ ஓவனின் பந்தய வாழ்க்கை முடிந்தது. அவர் சக்கர நாற்காலியில் வாழ வேண்டியவரானார். லீக் பட்டத்தையும் வென்ற எல்ஸ்மியர் போர்ட் குழு அந்த ஆண்டோடு களத்தை விட்டு விலகியது.

நிலக்கரியும் எஃகும் வளர்த்த கடற்கரை ஊரான வொர்க்கிங்டனின் கதையும் ஏறக்குறைய இதுவே. 1981-இல் மூடப்பட்ட அதன் குழு 1999-இல் மீண்டும் எழுந்தது. கார்ல் ஸ்டோன்ஹியூவர் என்ற ஓட்டியை முன்னிறுத்தி, 1999, 2000, 2001 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ஜோடிப் பட்டத்தை வென்றது. 2018-இல் லீக் பட்டத்தையும் கோப்பையையும் வென்ற இக்குழு, மறு ஆண்டு அந்த லீக்கில் இடம்பெறவில்லை. வெற்றி வேறு, வரவு செலவு வேறு என்பதைச் சிறிய ஊர்கள் இப்படித்தான் கற்றுக்கொண்டன.

உலக அரங்கிலும் ஜோடிப் பந்தயத்தின் நீதி இதுதான். 1970-இல் சுவீடனின் மால்மோ நகரில் நடந்த உலக ஜோடிப் போட்டியில், மக்கள்தொகையில் மிகச் சிறிய நியூசிலாந்து வென்றது. ரோனி மூர், ஐவன் மேகர் என்ற இருவர் அதற்குப் போதுமானவர்களாக இருந்தனர்.

2021 அக்டோபரில் மான்செஸ்டரில் நடந்த ஸ்பீட்வே நாடுகள் போட்டியின் இறுதியில் பிரிட்டனும் போலந்தும் மோதின. முதலில் வந்தவர் போலந்தின் உலக வெற்றியாளர் பார்டோஸ் ஸ்மார்ஸ்லிக். ஆனால் அவருடைய தோழர் கடைசியில் வந்தார். பிரிட்டனின் ராபர்ட் லாம்பர்ட்டும் டான் பியூலியும் இரண்டாவது, மூன்றாவது இடங்களைப் பிடித்தனர். 5க்கு 4 என்ற கணக்கில் தங்கம் பிரிட்டனுக்கு! 1989-க்குப் பிறகு அந்நாடு பெற்ற முதல் குழுத் தங்கம் அது.

ஒரு கை தட்டினால் ஓசை எழாது என்று நம் முன்னோர் சொன்னார்கள். சிறிய ஊர்களின் மண் பாதைகளில் பல ஆண்டுகள் ஓடிய அந்த இரண்டாம் நிலைப் போட்டி, அதையே புள்ளிக் கணக்காக எழுதி வைத்தது. முதலிடம் ஒருவருக்குரியது, வெற்றியோ இருவருக்கும் உரியது.