அவசரகாலக் கருத்தடை: வரலாறு

உடலுறவுக்குப் பிறகு, கரு தங்குமுன் அதைத் தவிர்க்க மேற்கொள்ளும் முறைகள் அவசரகாலக் கருத்தடை எனப்படும். லெவோநார்ஜெஸ்ட்ரல் மாத்திரை, யூலிப்ரிஸ்டல் மாத்திரை, காப்பர் டி ஆகியவை இன்று வழக்கில் உள்ளன. மாத்திரைகள் முதன்மையாகக் கருமுட்டை வெளிப்படுவதைத் தள்ளிப்போடுகின்றன. தங்கிவிட்ட கருவை அவை கலைப்பதில்லை. கருமுட்டை வெளிவந்த பின் விழுங்கும் மாத்திரையால் பெரும்பயன் இல்லை. ஆகவே மருத்துவர் சீட்டு, வயதுச் சான்று, கடைக்காரரின் இசைவு என்று இடையே வைக்கப்படும் ஒவ்வொரு தடையும் மருந்தின் பலனையே குறைக்கிறது.

இம்முறை எங்கே தொடங்கியது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. 1960-களின் நடுவில் நெதர்லாந்து மருத்துவர்கள், பாலியல் வன்கொடுமைக்கு ஆளான ஒரு சிறுமிக்கு ஈஸ்ட்ரோஜன் கொடுத்ததையே முதல் பதிவாகப் பலர் கொள்கின்றனர். 1974-இல் கனடிய மருத்துவர் ஆல்பர்ட் யூஸ்பே, ஈஸ்ட்ரோஜனையும் புரோஜெஸ்டினையும் சேர்த்துத் தரும் முறையை வெளியிட்டார். 1984-இல் பிரிட்டன் அதற்கெனத் தனி மருந்துக்கு அனுமதி அளித்தது. அமெரிக்காவிலோ 1998 வரை தனி மருந்து இல்லை. விவரம் அறிந்த மருத்துவர்கள் சாதாரணக் கருத்தடை மாத்திரை அட்டைகளிலிருந்து தேவையான எண்ணிக்கையைப் பிரித்துக் கொடுத்தனர். மருந்து அலமாரியிலேயே இருந்தும், அதை இப்படியும் பயன்படுத்தலாம் என்ற செய்தி பெரும்பாலான பெண்களை எட்டவில்லை.

1998-இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு வெளியானது. எதிர்பார்க்கத்தக்க கருத்தரிப்புகளில் யூஸ்பே முறை 57 விழுக்காட்டையும் லெவோநார்ஜெஸ்ட்ரல் 85 விழுக்காட்டையும் தடுத்ததாக அது மதிப்பிட்டது. லெவோநார்ஜெஸ்ட்ரலை 24 மணி நேரத்துக்குள் எடுத்தவர்களிடம் இம்மதிப்பீடு 95 விழுக்காடு. மூன்றாம் நாளில் எடுத்தவர்களிடம் 58. தாமதத்தின் விலையை இவ்வெண்கள் காட்டின. இருந்தும் அமெரிக்காவில் தாமதம் கொள்கையாகவே நீடித்தது. 2003 டிசம்பரில் உணவு, மருந்து நிர்வாகத்தின் வல்லுநர் குழு 23-க்கு 4 என்ற வாக்கில் ‘பிளான் பி’ என்ற லெவோநார்ஜெஸ்ட்ரல் மாத்திரையைச் சீட்டின்றி விற்கப் பரிந்துரைத்தது. 2004-இல் நிர்வாகம் மறுத்தது. அதன் பெண்கள் நலப் பிரிவின் தலைவர் சூசன் வுட் இந்தத் தாமதத்தை எதிர்த்து 2005-இல் பதவி விலகினார். 2006-இல் 18 வயது நிறைந்தோருக்கு மட்டும் அனுமதி கிடைத்தது. 2009-இல் நீதிபதி எட்வர்ட் கோர்மன் அந்த வயதை 17 ஆக்க உத்தரவிட்டார். 2011-இல் வயது வரம்பையே நீக்க நிர்வாகம் முன்வந்தபோது, சுகாதாரச் செயலர் கேத்லீன் செபெலியஸ் தடுத்தார். 2013-இல் கோர்மன் மீண்டும் தீர்ப்பளித்த பிறகே வரம்பு நீங்கியது. அறிவியல் சான்று மாறாதிருக்க, அனுமதிக்கு மட்டும் பத்தாண்டு ஆயிற்று.

எளிதாகக் கிடைத்தால் இளையோர் பொறுப்பிழப்பர் என்பது எதிர்ப்போரின் முதன்மை வாதம். சான்பிரான்சிஸ்கோ பகுதியில் 15 முதல் 24 வயதுள்ள 2,117 பெண்களிடம் நடந்த ஆய்வு 2005-இல் வெளியானது. மாத்திரை கையில் இருந்தவர்களிடம் பாதுகாப்பற்ற உறவோ பால்வினை நோயோ கூடவில்லை. அதே ஆய்வில் கருத்தரிப்பும் குறையவில்லை என்பதை எதிர்ப்போர் சுட்டுவர். அது மறுக்க முடியாத உண்மை. ஆனால் தேவைப்பட்ட நேரத்தில் கணிசமானோர் மாத்திரையை உட்கொள்ளவே இல்லை. மருந்து கைக்கெட்டினால் மட்டும் போதாது, அது எப்போது தேவை என்ற தெளிவும் வேண்டும் என்பதையே இது உணர்த்துகிறது. மொத்தப் புள்ளிவிவரம் அசையவில்லை என்பதற்காக, உரிய நேரத்தில் அதை நாடும் ஒரு பெண்ணுக்கு மறுப்பது நியாயமாகாது. இம்மாத்திரை கருக்கலைப்பே என்ற குற்றச்சாட்டும் நெடுநாள் நீடித்தது. 2022 டிசம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், கரு கருப்பையில் பதிவதை லெவோநார்ஜெஸ்ட்ரல் பாதிக்கலாம் என்ற குறிப்பை மருந்து விவரத்திலிருந்து நீக்கியது.

இந்தியாவில் 2005-இல் லெவோநார்ஜெஸ்ட்ரல் சீட்டில்லா விற்பனைக்கு வந்தது. 2007-இல் வந்த ‘ஐ-பில்’ விளம்பரங்கள் அதைப் பரவலாக அறிமுகப்படுத்தின. தமிழ்நாட்டில் இதற்குச் சட்டத் தடை இல்லை. எனினும் பல மருந்துக்கடைகளில் கிடைப்பதில்லை என்று செய்திகள் தொடர்ந்து வந்துள்ளன. இத்தகைய விளம்பரங்கள் குறித்து எழுந்த ஆட்சேபமே காரணம் என்பர் சிலர். கடைக்காரர்களின் தயக்கம் என்பர் வேறு சிலர். காரணம் எதுவாயினும், எழுத்தில் இல்லாத தடையை நீதிமன்றத்தில் எதிர்ப்பதும் கடினம். அமெரிக்கப் பெண்களுக்கு வழக்காட ஓர் ஆணையாவது இருந்தது.