கொல்லிமலைப் பச்சை

ஆடிப் பதினெட்டை ஒட்டிச் செம்மேட்டில் வல்வில் ஓரி விழா நடக்கும். சென்ற ஆண்டு அதற்காக நண்பர் ஒருவர் கொல்லிமலைப் படம் போட்ட வாழ்த்து அட்டையைக் கணிப்பொறியில் தயாரித்து, இணையம் வழியாகவே அச்சுக்கு அனுப்பினார். திரையில் மரகதமாய் ஒளிர்ந்த மலை, தாளில் வாழைச் சருகாய் வந்து சேர்ந்தது! அச்சகத்தாரைத் திட்டித் தீர்த்தார் நண்பர்.

பாவம், அவர்கள்மேல் குற்றமில்லை. திரையின் வண்ணம் வெளிச்சம். கூட்டக் கூட வெளுக்கும். தாளின் வண்ணம் மை. கூட்டக் கூட இருளும். இந்த வழக்கு முந்நூறு ஆண்டுப் பழையது. நியூட்டனின் ஒளி ஆராய்ச்சியில் மனம் தோய்ந்த லெ பிளோன் என்ற ஓவியர், நீலம், மஞ்சள், சிவப்பு என்ற மூன்றே தகடுகளில் சகல வண்ணங்களையும் அச்சிடப் புறப்பட்டார். பிறகு கறுப்பையும் சேர்த்துக்கொண்டார். இன்றைய நான்கு மைகளின் பாட்டனார் அவரே. ஒளிக் கலப்பு வேறு, சாயக் கலப்பு வேறு என்று 1725-இல் லண்டனில் நூலும் வெளியிட்டார். அவருடைய கம்பெனி என்னவோ நொடித்துப் போயிற்று.

1894-இல் பம்பாயில் அச்சகம் தொடங்கிய ரவிவர்மாவுக்கோ ஒவ்வொரு சாயலுக்கும் ஒரு கல் தேவைப்பட்டது. கல் இம்மி பிசகினால் லட்சுமியின் உதட்டுச் சிவப்பு கன்னத்துக்குப் போய்விடும்! அதனால்தான் கல்லச்சுக்காரர்கள் சோதனைத் தாளை மூலப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் மேலே நகரமாட்டார்கள்.

இந்த முறை நண்பர் மென்பொருளில் நான்கு மைக் கணக்கைத் தேர்ந்தெடுத்து, ஒரே ஒரு தாள் அடித்து வரவழைத்தார். செம்மேட்டு வெயிலில் மலைக்கு எதிரே பிடித்துப் பார்த்தோம். பச்சையில் செம்மை கொஞ்சம் தூக்கல். குறைக்கச் சொல்லி எழுதினோம்.