ஒடெஸ்ஸாவும் ஒரு தோல்வியும்

'ஃப்ரைடே நைட் லைட்ஸ்' படம் 2004ல வந்தது. அதைப் பார்த்துட்டு, பெர்மியன் பள்ளிக்கூடத்துப் பசங்க ஹூஸ்டன் ஆஸ்ட்ரோடோம்ல, இறுதி ஆட்டத்துல, 34-28ன்னு தோத்தாங்கன்னு ரொம்ப நாள் நம்பிக்கிட்டு இருந்தேன். அப்புறம்தான் பிஸ்ஸிங்கர் 1990ல எழுதின மூலப் புத்தகத்தைப் படிச்சேன். இறுதியும் இல்ல, ஆஸ்ட்ரோடோமும் இல்ல. நிஜத்துல அது அரையிறுதி. 1988 டிசம்பர்ல ஆஸ்டின் நகரத்துல, மழையில. டல்லாஸ் கார்ட்டர் பள்ளி 14, பெர்மியன் 9. சினிமாக்காரங்க எல்லா ஊர்லயும் ஒரே மாதிரிதான் போல :-)

விளையாட்டு தெரியாதவங்களுக்கு ஒரு வரி. பேருதான் கால்பந்து, பந்தைக் கையில வெச்சுக்கிட்டு முட்டி மோதி முன்னேறணும்.

ஒடெஸ்ஸா மேற்கு டெக்ஸாஸ்ல இருக்கிற எண்ணெய் ஊர். அப்போ சுமார் 90,000 பேர் இருந்தாங்க. 1986ல எண்ணெய் விலை பீப்பாய் 10 டாலர் பக்கமா விழுந்ததும் ஊரே படுத்துடுச்சு. வேலை போச்சு, பேங்க் திவால். மிச்சம் இருந்த ஒரே பெருமை வெள்ளிக்கிழமை ராத்திரி ஆட்டம். அதுக்காக 1982லயே 56 லட்சம் டாலர் செலவுல, சுமார் 19,000 பேர் உட்கார்ற ஸ்டேடியம் கட்டியிருந்தாங்க. ஒரு பள்ளிக்கூட டீமுக்கு! சீசன் டிக்கெட் வாங்க ராத்திரியே வந்து வரிசையில படுத்துக் கிடப்பாங்களாம்.

1965, 72, 80, 84ன்னு நாலு தடவை மாநிலப் பட்டம் ஜெயிச்ச டீம் இது. ஜெயிச்சுப் பழகின ஊருக்குத் தோக்கத் தெரியாது. அந்த சீசன்ல பக்கத்து ஊர் மிட்லண்ட் லீ கிட்ட 22-21ன்னு, ஒரே ஒரு புள்ளியில தோத்தாங்க. அன்னிக்கு ராத்திரி கோச் கேரி கெய்ன்ஸ் வீட்டுக்குப் போனா, வாசல் புல்வெளியில 'வீடு விற்பனைக்கு'ன்னு போர்டுகள் நட்டு வெச்சிருக்கு. நட்டது அவரோட ரசிகர்களேதான். எனக்குப் புத்தகத்துல மறக்கவே முடியாத இடம் அதுதான். திட்டினாக்கூடப் பரவாயில்ல, ஊரை விட்டே போன்னு அமைதியா சொல்லிட்டுப் போறாங்க பாருங்க. அந்த வீட்டுக்குள்ள பொண்டாட்டி புள்ளைங்க இருக்காங்கன்னு நடறப்போ ஒருத்தருக்கும் தோணலையா?

அந்தத் தோல்வியால மூணு டீம் சமமா நின்னுது. ப்ளேஆஃபுக்கு ரெண்டுக்குத்தான் இடம். நாணயம் சுண்டித் தீர்மானிச்சாங்க. கூட்டம் கூடிடக் கூடாதுன்னு ரகசியமா ஒரு லாரி நிறுத்தத்துல, நடுராத்திரி தாண்டின நேரத்துல. அதையும் டிவியில நேரடியா காட்டினாங்க! காசு பெர்மியன் பக்கம் விழுந்தது. மாறி விழுந்திருந்தா கெய்ன்ஸ் வேலை போயிருக்கும்னுதான் நான் நினைக்கிறேன்.

அப்படித் தப்பிச்சு அரையிறுதி வரைக்கும் வந்துதான் கார்ட்டர் கிட்ட தோத்தாங்க. ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல வண்டி ஓட்டி வந்த ஜனம் மழையில நனைஞ்சுக்கிட்டே நின்னு பார்த்த தோல்வி. பதினேழு பதினெட்டு வயசுப் பசங்க அழுதாங்க, பெரியவங்களும் அழுதாங்க. அதுல பாதிப் பசங்களுக்கு வாழ்க்கையில அதுதான் கடைசி ஆட்டம்.

வேடிக்கை என்னன்னா, கார்ட்டருக்கும் அந்தப் பட்டம் தங்கல. ஒரு பையனோட அல்ஜீப்ரா மார்க் தகராறு கோர்ட்டு வரைக்கும் போய், கடைசியில பட்டத்தைப் பிடுங்கி, இறுதியில தோத்த கன்வர்ஸ் ஜட்சன் பள்ளிக்குக் குடுத்துட்டாங்க. பெர்மியனுக்கு அதனால சல்லிக் காசு பிரயோஜனம் இல்ல.

இந்தத் தோல்வியை ஊர் ஒரு வழியா முழுங்கிடுச்சு. புத்தகத்தைத்தான் ரொம்ப நாள் முழுங்கல. இனவெறியைப் பத்தியும், படிப்பை விட ஆட்டம் பெருசானதைப் பத்தியும் பிஸ்ஸிங்கர் எழுதினது அவங்களுக்கு அவ்ளோ கோவம். மிரட்டல் வந்து, ஒடெஸ்ஸாவுக்குப் புத்தகத்தோட வர இருந்த பயணத்தையே அவர் ரத்து பண்ண வேண்டியதாப் போச்சு.

கெய்ன்ஸ்? அடுத்த வருஷமே, 1989ல, ஒரு ஆட்டம்கூடத் தோக்காம பட்டம் வாங்கிக் குடுத்துட்டு, கல்லூரி வேலைக்குக் கிளம்பிட்டார். அதோட கதை முடிஞ்சதுன்னுதான் நினைச்சேன். தேடிப் பார்த்தா, 2009ல மனுஷன் அதே பெர்மியனுக்குத் திரும்பி வந்து இன்னும் நாலு சீசன் கோச்சா இருந்திருக்கார். 2022ல காலமானார்.

வாசல்ல போர்டு நட்ட ஊருக்கு எப்படித்தான் மறுபடி வந்தாரோ. நானா இருந்தா அந்தப் பக்கம் தலை வெச்சுக்கூடப் படுத்திருக்க மாட்டேன்.