பளுவைத் தூக்குவது கையா, வாரா?

பளு தூக்குவதற்கு வேண்டியது என்ன என்று கேட்டால், திரண்ட தோள், அகன்ற முதுகு, உறுதியான தொடை என்றுதான் நம்மில் பெரும்பாலோர் விடை கூறுவோம். விரல்களை நினைப்பவர் சிலரே. ஆனால் தரையில் கிடக்கும் கனத்த இரும்புத் தண்டைத் தூக்கி நிமிரும் ஒருவரைக் கூர்ந்து கவனியுங்கள். கால்கள் நிமிர்ந்துவிடும், முதுகும் நிமிர்ந்துவிடும். அப்படியிருந்தும் சில வேளைகளில் தண்டு மெல்ல உருண்டு, உள்ளங்கையிலிருந்து விரல் நுனிக்கு இறங்கி, கீழே விழுந்துவிடும். அங்கே தோற்றது முதுகு அன்று, பிடி.

இக்குறையை ஈடு செய்யும் சிறு கருவிதான் மணிக்கட்டு வார். ஏறத்தாழ நான்கு சென்டிமீட்டர் அகலமுள்ள பருத்தி நாடா, அல்லது தோல் பட்டை. அதன் ஒரு முனையில் வளையம் இருக்கும். அதற்குள் கையை நுழைத்து, மறு முனையைத் தண்டின்மீது சுற்றி, அதன்மேல் விரல்களை மூடிக்கொள்வார்கள். மூட்டு மடங்காமல் காக்க மணிக்கட்டைச் சுற்றிக் கட்டும் பட்டை வேறு, இது வேறு.

பார்ப்பதற்கு எளிய பொருள். ஆயினும் இதன் பின்னே ஒரு பழைய கேள்வி மறைந்திருக்கிறது. ஒரு மனிதனின் வலிமையை அளக்கும்போது அவன் கையையும் சேர்த்து அளக்க வேண்டுமா, கையை விட்டுவிட்டு அளக்கலாமா? வார் தோன்றுவதற்கு முன்பே எழுந்துவிட்ட கேள்வி இது.

வாய்க்காலும் மதகும்

முதலில் கையின் அமைப்பைப் பார்ப்போம். விரல்களை மடக்கும் பெரிய தசைகள் விரல்களில் இல்லை, முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து நீண்ட தசைநாண்கள் மணிக்கட்டின் குறுகிய பாதை வழியே வந்து விரல் எலும்புகளை இழுக்கின்றன. வலது முன்கையை இடது கையால் பற்றிக்கொண்டு, வலது விரல்களை மடக்கி விரித்துப் பாருங்கள். தோலுக்கு அடியில் தசைகள் அசைவது நன்கு தெரியும்.

1956ஆம் ஆண்டில் ஜான் நேப்பியர் என்னும் பிரிட்டிஷ் அறிஞர், மனிதக் கையின் பிடிகளை இரண்டாக வகுத்தார். பேனாவைப் பிடிப்பது நுட்பப் பிடி; சுத்தியலைப் பிடிப்பது வலுப்பிடி. பளுத் தண்டைப் பற்றுவது வலுப்பிடியே. ஆனால் இந்த வலுப்பிடிக்குத் துணை நிற்கும் தசைகள், தொடைத் தசைகளோடும் முதுகுத் தசைகளோடும் ஒப்பிட்டால் மிகச் சிறியவை. வாய்க்கால் எவ்வளவு அகலமாக இருந்தாலும் மதகு குறுகியிருந்தால் அதற்கேற்ற நீர்தானே வயலுக்குப் பாயும்? முதுகின் வலிமை முழுவதும் விரல்கள் என்னும் இந்தக் குறுகிய மதகின் வழியாகத்தான் தண்டைச் சென்றடைய வேண்டும்.

கையைத் தவிர்த்தவர்கள்

பழங்காலப் பயில்வான்கள் சிலர் இந்த மதகையே சுற்றிக்கொண்டு சென்றுவிட்டார்கள். 1741ஆம் ஆண்டு மே மாதம் இலண்டன் நகரில் தாமஸ் டோப்பம் என்பவர் ஓர் உயர்ந்த மேடைமீது நின்றார். தண்ணீர் நிரப்பிய மூன்று பெரிய பீப்பாய்கள் அவருக்குக் கீழே இருந்தன. அவற்றின் மொத்த எடை 1,836 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 833 கிலோகிராம். பீப்பாய்களோடு இணைத்த வாரைத் தம் உடலில் மாட்டிக்கொண்டு, கூடியிருந்த மக்கள் வியக்கும்படி அவற்றை உயர்த்தினார்.

இது மாயமா? இல்லை. அதே காலத்தில் வாழ்ந்த தெசகுலியே என்னும் இயற்பியல் அறிஞர் இத்தகைய காட்சிகளை ஆராய்ந்து தமது நூலில் விளக்கினார். சற்றே மடங்கிய முழங்காலை நிமிர்த்தும்போது பளு சிறிதளவே உயர்கிறது. அந்தச் சிறு உயரத்தில் சுமையைத் தாங்குபவை இடுப்பெலும்பும் தொடையெலும்பும்தான். விரல்களுக்கு அங்கே வேலையே இல்லை என்பதுதான் அந்த வியப்பின் இரகசியம்.

ஒரு நூற்றாண்டு கழித்து, அமெரிக்காவின் பாஸ்டன் பகுதியில் ஜார்ஜ் பார்க்கர் விண்ட்ஷிப் என்னும் மருத்துவர், 'வலிமையே உடல்நலம்' என்று ஊர் ஊராகச் சொற்பொழிவாற்றி வந்தார். அவர் கைகளால் 1,000 பவுண்டுக்கு மேல் தூக்கினார். தோளில் நுகம் பூட்டிக்கொண்டபோது 2,000 பவுண்டுக்கு மேல் தூக்கினார். அதே மனிதர், அதே கால்கள். கையை விலக்கியதும் அளவு ஏறத்தாழ இரு மடங்காகிவிட்டது! 1876இல் தம் 42ஆம் வயதிலேயே அவர் காலமானதும், அவர் பரப்பிய பளு தூக்கும் மோகமும் தணிந்தது.

கையைச் சோதித்தவர்கள்

வேறு சிலர் இதற்கு நேர் எதிரான வழியில் சென்றார்கள். கையைத்தான் சோதிக்க வேண்டும் என்பது அவர்கள் கட்சி. பிரான்சு நாட்டில் 'அப்போலோன்' என்னும் பெயரில் புகழ் பெற்ற லூயி உனி (1862–1928) ஒரு விசித்திரமான பளுவை வைத்திருந்தார். இரண்டு இரயில் சக்கரங்களை ஓர் அச்சில் பொருத்திய அமைப்பு அது. எடை 366 பவுண்டு, அதாவது 166 கிலோ. அச்சின் விட்டமோ ஏறத்தாழ 49 மில்லிமீட்டர். இன்று ஆடவர் போட்டிகளில் பயன்படும் தண்டின் விட்டம் 28 மில்லிமீட்டர்தான் என்பதை நினைவில் கொள்ளுங்கள். இங்கிலாந்தில் தாமஸ் இஞ்ச் வைத்திருந்த கைப்பளுவும் இத்தகையதே. எடை 172 பவுண்டுதான். ஆனால் கைப்பிடி ஆறு சென்டிமீட்டர் தடிமன். வலிமை மிக்க பலர் அதை ஒரு கையால் தரையிலிருந்து எழுப்பவே முடியாமல் திரும்பினார்கள்.

அப்போலோனின் சக்கரங்களைத் தலைக்கு மேல் உயர்த்தியவர்கள் மிகச் சிலரே. 1930இல் பிரான்சின் ஷார்ல் ரிகூலோ. 1949இல் அமெரிக்காவின் ஜான் டேவிஸ். 1954இல் அதே நாட்டின் நார்பர்ட் ஷெமான்ஸ்கி. இவர்களுள் ஜான் டேவிஸின் கதை நமக்குப் பாடம் சொல்கிறது. அவர் 1948, 1952 ஒலிம்பிக் போட்டிகளில் தங்கம் வென்றவர். 1951இல் சாதாரணத் தண்டில் 400 பவுண்டுக்கு மேல் தலைக்கு மேல் தூக்கிக் காட்டியவர். அத்தகையவரே 366 பவுண்டுச் சக்கரங்களின் முன் திணறினார்; பல முறை முயன்ற பின்னரே வென்றார். எடை குறைவு, ஆனால் அச்சு தடிமன். கட்டை விரல் மற்ற விரல்களைச் சந்திக்க முடியாதபோது பிடி தளர்ந்துவிடுகிறது.

வெறுங்கையின் உத்திகள்

சாதாரணத் தண்டிலும் பிடியை வலுப்படுத்த வீரர்கள் சில உத்திகளைக் கண்டார்கள். மெக்னீசியம் கார்பனேட் தூளைக் கையில் பூசிக்கொள்வது ஒன்று. வியர்வையை அது உறிஞ்சிவிடுவதால் உராய்வு குறையாமல் இருக்கும்.

கட்டை விரலைத் தண்டோடு சேர்த்து வைத்து, அதன்மேல் முதல் இரு விரல்களை மடக்கி இறுக்குவது மற்றொன்று. இதைக் கொக்கிப் பிடி என்பார்கள். தொடக்கத்தில் கட்டை விரல் கடுமையாக வலிக்கும். ஆனால் பிடி எளிதில் விடாது.

மூன்றாவது உத்தி மாற்றுப் பிடி. ஒரு உள்ளங்கை உடலை நோக்கியும், மறு உள்ளங்கை வெளியே நோக்கியும் இருக்குமாறு பற்றுவது. ஒரு கையிலிருந்து வெளியே உருள விரும்பும் தண்டு, மறு கைக்குள் உருள வேண்டியிருக்கிறது. ஆகவே அது எப்பக்கமும் உருள இயலாது. ஆனால் வெளியே நோக்கிய கையின் முழங்கைத் தசைநாண் சில வேளைகளில் அறுந்துபோவதும் உண்டு.

வாரின் இரகசியம்

வார் என்ன செய்கிறது? ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். மேசை விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்குமாறு ஒரு பென்சிலை உறுதியாகக் கட்டுங்கள். ஒரு நூலின் முனையில் சிறு கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, நூலைப் பென்சில்மீது போட்டு மறு முனையைப் பிடியுங்கள். கல்லின் கனம் விரலுக்குத் தெரியும். இப்போது நூலைப் பென்சிலில் ஒரு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். கனம் குறைந்துவிடும். இரண்டு, மூன்று சுற்றுகள் சுற்றினால் நூல் முனையை இலேசாகத் தொட்டுக்கொண்டிருந்தாலே கல் நின்றுவிடும்!

கப்பலைத் துறையில் கட்டும்போது மாலுமி கயிற்றைக் கட்டைமீது சில சுற்றுகள் சுற்றுவதும் இதற்காகத்தான். ஒவ்வொரு சுற்றிலும் உராய்வு கூடுவதில்லை, பெருகுகிறது. 18ஆம் நூற்றாண்டில் கணித மேதை ஆய்லர் ஆராய்ந்த இந்த உண்மையைப் பின்னர் ஜெர்மானியப் பொறியாளர் ஐட்டெல்வைனும் விளக்கினார். உராய்வுக் குணகம் 0.3 என்று கொண்டால், ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 6½ மடங்கும், இரு சுற்றுகளுக்கு ஏறத்தாழ 43 மடங்கும் பளுவைத் தாங்கலாம். அதாவது ஒரு கைக்கு 100 கிலோ பளு வந்தாலும், இரு சுற்றுச் சுற்றிய வாரின் முனையை இரண்டரைக் கிலோவுக்கும் குறைவான விசையால் பிடித்திருந்தால் அது நழுவாது.

இன்னொரு நுட்பமும் உண்டு. விரல்கள் தண்டை ஒரு திசையில் சுற்றுகின்றன. வாரோ எதிர்த்திசையில் சுற்றுகிறது. விரல்களிலிருந்து தண்டு உருள முயன்றால் வார் இறுகும். வார் அவிழ முயன்றால் தண்டு விரல்களுக்குள் உருள வேண்டும். மாற்றுப் பிடியில் இரு கைகள் செய்யும் வேலையை இங்கே ஒரு கையும் ஒரு வாரும் செய்துவிடுகின்றன. பளுவின் பெரும் பகுதி விரல்களை விட்டு விலகி, வளையத்தின் வழியாக மணிக்கட்டைச் சேர்கிறது. கட்டை விரலின் அடிப்பகுதி அகன்றிருப்பதால் வளையம் கையை விட்டுக் கழன்றுவிடுவதில்லை.

விதிகள் கூறும் விடை

நாம் முதலில் எழுப்பிய கேள்விக்கு விளையாட்டு உலகம் இரு விடைகளை வைத்திருக்கிறது. ஒலிம்பிக் பளு தூக்கும் போட்டியில் வாருக்கு இடமில்லை. 2000ஆம் ஆண்டு சிட்னியில் நம் நாட்டின் கர்ணம் மல்லேசுவரி 110 கிலோவையும் 130 கிலோவையும் தூக்கி வெண்கலம் வென்றது வெறுங்கையால்தான். இன்று மகளிர் போட்டித் தண்டின் விட்டம் 25 மில்லிமீட்டர். சிறிய கைக்குத் தடித்த தண்டு சுமை என்பதை விதியே ஏற்றுக்கொண்டிருக்கிறது.

ஆனால் 'உலகின் மிக வலிமையானவர்' வகைப் போட்டிகளில் வாருக்கு அனுமதி உண்டு. பளுவைத் தரையிலிருந்து தொடை வரை தூக்கி நிமிரும் 'டெட்லிஃப்ட்' முறையில், 2011இல் ஐஸ்லாந்தின் பெனெடிக்ட் மாக்னுசன் வார் இல்லாமல் 460 கிலோ தூக்கினார். 2016இல் இங்கிலாந்தின் எடி ஹால் வாருடன் 500 கிலோவை எட்டினார். 2020இல் ஐஸ்லாந்தின் ஹாஃப்தோர் பியோர்ன்சன் 501 கிலோ தூக்கினார். இந்த வேறுபாடு முழுவதையும் வாரின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. ஆடையும் தண்டின் வளையும் தன்மையும் வேறு வேறு. ஒன்று மட்டும் உறுதி: இரண்டும் ஒரே திறமையின் அளவுகள் அல்ல. ஒன்று கையையும் சேர்த்து அளந்தது. மற்றொன்று கையை விட்டுவிட்டு அளந்தது.

500 கிலோவைத் தூக்கி முடித்ததும் எடி ஹாலின் மூக்கிலிருந்து இரத்தம் வடிந்தது, அவர் நினைவிழந்தார். பிடி என்னும் மதகைத் திறந்துவிட்டால் வெள்ளம் உடலின் வேறு உறுப்புகளைச் சென்று தாக்கும் என்பதற்கு இது ஓர் எச்சரிக்கை.

தருவதும் எடுப்பதும்

உடற்பயிற்சிக் கூடத்திற்குச் செல்லும் இளைஞர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். முதுகையும் தொடையையும் வளர்க்க விரும்புபவருக்கு வார் நல்ல துணை. விரல்கள் களைத்துவிட்டதால் முதுகின் பயிற்சி பாதியில் நிற்பதில்லை. ஆனால் முதல் முயற்சியிலிருந்தே வாரைக் கட்டிக்கொண்டால் முன்கைத் தசைகளுக்கு வேலை குறைந்துவிடும். முதுகு வளரும், பிடி பின்தங்கும். எளிய சுற்றுகளை வெறுங்கையால் செய்துவிட்டு, கடைசியில் வரும் கனத்த சுற்றுகளுக்கு மட்டும் வாரை எடுத்துக்கொள்வது நல்ல வழி.

மற்றொரு ஆபத்தும் உண்டு. வாரால் கட்டிய தண்டை நினைத்தவுடன் விட முடியாது. பளுவைத் தோளுக்கு ஏற்றும் பயிற்சியில் முயற்சி தவறினால், தண்டோடு கட்டுண்ட மணிக்கட்டும் முழங்கையும் முறுக்கப்படும். ஆகவே அந்தப் பயிற்சிக்கு வார் ஆகாது.

மூட்டைக் கொக்கி

இது பயில்வான்களோடு முடிந்துவிடும் செய்தி அன்று. அங்காடிகளிலும் கிடங்குகளிலும் சுமைதூக்கும் தொழிலாளர் கையில் ஒரு சிறு இரும்புக் கொக்கியைப் பார்த்திருப்பீர்கள். சாக்கு மூட்டைக்குப் பிடியில்லை. கொக்கி அதற்குப் பிடி தருகிறது, விரல்கள் காக்கப்படுகின்றன. மணிக்கட்டு வாருக்கு அது நெருங்கிய உறவு.

1991இல் அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் திருத்தி வகுத்த சுமைக் கணக்கில் பிடிக்கும் ஓர் இடம் தரப்பட்டது. மிகச் சாதகமான நிலையில் 23 கிலோ வரை தூக்கலாம் என்று கொண்டால், சரியான பிடியில்லாத பொருளுக்கு அதில் பத்தில் ஒரு பங்கைக் கழித்துவிட வேண்டும். 1967இல் அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம், வயது வந்த ஆண் தொழிலாளி கையால் சுமக்கும் பளு 55 கிலோவைத் தாண்டலாகாது என்று பரிந்துரைத்தது. வீரருக்கு வார் என்பது விருப்பம். தொழிலாளிக்கு நல்ல பிடி என்பது தேவை.

அடுத்த முறை ஒருவர் பெரும்பளு தூக்குவதைக் காணும்போது தோளை மட்டும் பார்க்காதீர்கள். அவர் மணிக்கட்டையும் பாருங்கள். அங்கே வார் இருக்கிறதா, இல்லையா என்பதை அறிந்தால், அவர் எதனால் தூக்குகிறார் என்பதும் உங்களுக்கு விளங்கிவிடும்.