மூச்சுக் காற்றும் மன நோயும்

வளி மாசு காரணமாக 2022 டிசம்பர் 9 ஆம் திகதி நாட்டின் பாடசாலைகள் மூடப்பட்டதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்நாட்களில் இருமலையும் ஆஸ்துமாவையும் பற்றிப் பேசினோம். மூளையைப் பற்றி நானும் யோசிக்கவில்லை.

என் சாச்சியின் வீடு பஸ் தரிப்பிடத்துக்கு எதிரே. ஜன்னலைத் திறந்தால் டீசல் புகைதான். பல வருடங்களாக மனச்சோர்வுக்கு மருந்து எடுக்கிறா. புகைதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அவவை நினைத்துத்தான் இந்த விடயத்தைத் தேடி வாசித்தேன்.

பிஎம் 2.5 எனப்படும் நுண்துகள் தலைமயிரின் தடிப்பில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. நுரையீரலின் ஆழம் வரை செல்லும். மிகச் சிறியவை இரத்தத்திலும் கலக்கும். மணம் உணரும் நரம்பு வழியாகவும் மூளையை அடையலாம் என ஆய்வாளர்கள் கருதுகின்றனர். அங்கு உண்டாகும் அழற்சியே மனநிலையைக் குழப்புகிறது என்பதுதான் பிரதான விளக்கம்.

தென் லண்டனில் உளநல சேவையை நாடிய 13,000 க்கும் அதிகமானோரை அவதானித்த ஆய்வொன்று 2021 இல் வெளியானது. வாகனப் புகையிலுள்ள நைதரசன் ஈரொட்சைட்டு கூடிய இடங்களில் வசித்தோருக்கு அடுத்த ஓராண்டில் வெளிக்கள சிகிச்சை தேவைப்படும் வாய்ப்பு 32 வீதமும், வைத்தியசாலையில் தங்க நேரும் வாய்ப்பு 18 வீதமும் அதிகரித்திருந்தன. 2023 இல் பிரித்தானியாவின் சுமார் 390,000 பேரின் தரவுகளும் மனச்சோர்வு, பதற்றம் பற்றி இதே திசையைக் காட்டின.

ஆனாலும் அவசரப்படக் கூடாது. வீதியோரத்தில் வசிப்போர் பெரும்பாலும் வசதி குறைந்தவர்கள். இரைச்சலும் கடனும் அவர்களுக்குத்தான் அதிகம். ஆய்வாளர்கள் இவற்றைக் கழித்துப் பார்த்தாலும் முழுமையாகக் கழிக்க முடிவதில்லை. 2019 இல் வெளியான அமெரிக்க, டென்மார்க் தரவு ஆய்வைப் பேராசிரியர் ஜோன் அயோனிடிஸ் விமர்சித்ததும் இது போன்ற பலவீனங்களைச் சுட்டியே.

உலக சுகாதார ஸ்தாபனம் 2021 இல் பிஎம் 2.5 இன் ஆண்டுச் சராசரிக்கான வழிகாட்டி அளவைக் கன மீற்றருக்கு 10 மைக்றோகிராமிலிருந்து 5 ஆகக் குறைத்தது. பஸ்ஸை நாம் திருத்த முடியாது. ஆனால் பூட்டிய அறையில் நுளம்புச் சுருள், சாம்பிராணி, முற்றத்தில் பொலித்தீன் எரிப்பது எல்லாம் நம் கையில் உள்ளவை. சாச்சி வீட்டில் இப்போது நுளம்பு வலைதான்; வீதிப் பக்க ஜன்னலைக் காலையிலும் மாலையிலும் மூடி, பின்பக்கத்தைத் திறக்கிறார்கள். மருந்தை நிறுத்தவில்லை, நிறுத்தவும் கூடாது. உதவி தேவைப்படுவோருக்கு தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம் 1926. 24 மணி நேரமும் அழைக்கலாம்.