உருவ அடையாளக் கோட்பாடு

ஒரு காயோ கனியோ கிழங்கோ மனித உடலின் எந்த உறுப்பைப் போலத் தோன்றுகிறதோ அந்த உறுப்புக்கு அது நன்மை செய்யும் என்னும் நம்பிக்கை உருவ அடையாளக் கோட்பாடு எனப்படும். அக்ரூட் பருப்பு மூளைக்கு, ராஜ்மா சிறுநீரகத்துக்கு, வட்டமாக நறுக்கிய கேரட் கண்ணுக்கு, அறை அறையாகப் பிரிந்த தக்காளி இதயத்துக்கு என்று இன்று பலரும் சொல்லும் பட்டியல் இதன் அண்மைக்கால வடிவம். கருத்து நானூறு ஆண்டுகளுக்கும் மேல் பழையது.

ஐரோப்பாவில் இதற்கு வலுவூட்டியவர் சுவிட்சர்லாந்தில் பிறந்த மருத்துவர் பாராசெல்சஸ் (1493–1541). இயற்கை ஒவ்வொரு மூலிகையின் மேலும் அதன் பயனை வடிவத்தாலும் நிறத்தாலும் எழுதி வைத்திருக்கிறது, அதைப் படிக்கத் தெரிந்தவனே மருத்துவன் என்றார் அவர். இத்தாலியின் ஜாம்பாத்திஸ்தா தெல்லா போர்த்தா 1588இல் நேப்பிள்ஸ் நகரில் வெளியிட்ட நூலில் செடிகளையும் அவற்றை ஒத்த உறுப்புகளையும் சேர்த்துப் படமாகவே காட்டினார். ஜெர்மனியின் கெர்லிட்ஸ் நகரில் செருப்புத் தைத்து வாழ்ந்த யாக்கோப் போமெ இதை இறையியலாக வளர்த்தெடுத்தார்.

இந்தச் சிந்தனையை உணவுப் பொருள் ஒன்றில் முழுமையாகப் பொருத்திக் காட்டியவர் ஆங்கிலேயத் தாவரவியலாளர் வில்லியம் கோல்ஸ். 1657இல் வந்த அவருடைய மூலிகை நூலில் அக்ரூட் ஒரு தலையாகவே ஆகிவிடுகிறது. மேலே உள்ள பச்சைத் தோல் மண்டையைப் போர்த்திய சவ்வு. ஆகவே அது தலைக்காயத்துக்கு மருந்து. கெட்டியான ஓடு மண்டையோடு. பருப்பை ஒட்டிய மெல்லிய தோல் மூளையுறை. பருப்பு மூளை. பருப்பை நசுக்கி, திராட்சை மதுவிலிருந்து இறக்கிய சாரத்தில் நனைத்து உச்சந்தலையில் வைத்தால் மூளை தேறும் என்றும் எழுதினார். நான்கு அடுக்குக்கு நான்கு ஒப்புமை என அவ்வளவு கச்சிதமாக அமைந்ததால்தானோ என்னவோ, பழைய உதாரணங்கள் பல மறைந்த பிறகும் அக்ரூட் நிலைத்து நிற்கிறது.

எல்லாரும் இதற்குத் தலையாட்டிவிடவில்லை. கோல்ஸுக்கு எழுபது ஆண்டுகளுக்கு முன்பே, 1583இல், மதிப்புக்குரிய பழைய ஆசிரியர் எவரும் இதை ஏற்கவில்லை, இது உறுதியற்றது என்று நெதர்லாந்துப் பகுதியைச் சேர்ந்த ரெம்பெர்ட் தொதோன்ஸ் மறுத்தார். அவர் குரல் போதிய அளவு கேட்கப்படாமல் போனது மருத்துவ வரலாற்றின் இழப்பு.

இதே எண்ணம் ஐரோப்பாவுக்கு வெளியேயும் தனித்தனியாக முளைத்திருக்கிறது. சீனர் மனித உருவம் கொண்ட ஜின்செங் வேரை உடல் முழுமைக்கும் வலுவூட்டுவதாகக் கருதினர். பாறை இடுக்கில் வேர்விட்டு வளரும் செடி ஒன்று சிறுநீரகக் கல்லையும் உடைக்கும் என்று ஐரோப்பியர் நம்பினர். அதே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்த இமயமலைச் செடி ஒன்றை ஆயுர்வேதமும் கல்லடைப்புக்குத் தருகிறது.

தமிழ்நாட்டில் இதற்கு நல்ல சான்று முடவாட்டுக்கால் கிழங்கு. கொல்லிமலையிலும் ஏற்காட்டிலும் பாறைகளிலும் மரங்களிலும் படர்ந்து வளரும் பெரணி வகை ஒன்றின் தண்டு இது. பழுப்பு ரோமம் மூடிய அந்தத் தண்டு பார்வைக்கு ஆட்டுக்கால் போலவே இருக்கும். ரோமத்தோலைச் சீவி எடுத்து, நறுக்கி, மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயம் சேர்த்துக் காய்ச்சும் சூப் மூட்டுவலிக்குக் கேட்கும் என்பது மலைவாசிகளின் நம்பிக்கை. இதே இனப் பெரணி ஒன்றைச் சீன மருத்துவம் எலும்பு முறிவுக்குப் பயன்படுத்துவது கவனிக்கத் தக்கது. கணுக்கணுவாக எலும்பு மூட்டுகளைப் போல் இருக்கும் பிரண்டையும் எலும்பு முறிவுக்கு உரியதாகவே நம் மருத்துவத்தில் இருக்கிறது. 1960களில் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் விலங்குகளில் நடந்த சோதனைகளில், பிரண்டை கொடுத்தபோது எலும்பு விரைந்து கூடியது. ஆக, ஒப்புமை இருக்கும் இடத்தில் பயனும் இருக்கலாம். பயனுக்குக் காரணம் ஒப்புமைதானா என்பதே கேள்வி.

அக்ரூட்டையே எடுத்துக்கொள்வோம். அதில் ஒமேகா-3 கொழுப்பு வகை ஒன்று நிறைய உண்டு. ஆனால் ஆளி விதையில் அது இன்னும் கூடுதல். ஆளி விதைக்கும் மூளைக்கும் தோற்றத்தில் எந்த உறவும் கிடையாது. ஸ்பெயினின் பார்சலோனாவிலும் கலிபோர்னியாவின் லோமா லிண்டாவிலும் 63 முதல் 79 வயது வரையுள்ள சுமார் 700 பேரைக் கொண்டு இரண்டு ஆண்டுகள் நடந்த ஆய்வின் முடிவு 2020இல் வெளியானது. நாள்தோறும் அக்ரூட் தின்றவர்களுக்கும் தின்னாதவர்களுக்கும் அறிவாற்றல் குறையும் வேகத்தில், மொத்தத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. கேரட்டின் கதையும் இதுவே. அதிலுள்ள பீட்டா கரோட்டின் உடலில் வைட்டமின் ஏ ஆக மாறி விழித்திரைக்கு உதவுவது உண்மை. முருங்கைக் கீரையும் அதைத் தருகிறது, கண்ணின் சாயல் சிறிதும் இல்லாமலே. பண்டைய கிரேக்க மருத்துவர்கள் மாலைக்கண்ணுக்குக் கொடுத்தது மாட்டு ஈரலை. இதயத்தைப் போலத் தக்காளிக்கும் அறை நான்கு என்பதும் சரியல்ல. வகைக்கு வகை இரண்டு முதல் பத்துக்கு மேலும் இருக்கும்.

ராஜ்மா விஷயத்தில் எச்சரிக்கையே தேவை. சரியாக வேகாத ராஜ்மாவில் உள்ள நச்சுப் புரதம் கடும் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும். ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது பத்து நிமிடமாவது நன்றாகக் கொதிக்கவிட வேண்டும். சிறுநீரகம் பழுதாகி இரத்தத்தில் பொட்டாசியம் ஏறியவர்களிடம் மருத்துவர்கள் அளவு பார்த்துச் சாப்பிடச் சொல்பவற்றில் இதுவும் ஒன்று. உருவத்தை நம்பி அவர்கள் அதிகம் தின்றால் நன்மைக்குப் பதில் கேடே விளையும்.

அமெரிக்கத் தாவரவியலாளர் பிராட்லி பென்னட் 2007இல் எழுதிய கட்டுரை, ஒப்புமையும் பயனும் சில இடங்களில் சேர்ந்தே வரும் புதிருக்குத் தெளிவான விளக்கம் தருகிறது. உருவத்தைப் பார்த்து மக்கள் மருந்தைக் கண்டுபிடிக்கவில்லை. பட்டறிந்து பயன் தெரிந்த பிறகு, அதை நினைவில் வைக்கவும் அடுத்தவருக்குச் சொல்லவும் உருவத்தைத் துணைக்கு அழைத்தார்கள் என்கிறார். எழுத்தறியாத சமூகத்தில் ஆயிரம் செடிகளை மனத்தில் காக்க இது அரிய வழி. அந்த அறிவைக் காத்தவர்களை மூடர் என்று தள்ளுவது அநியாயம். நினைவுக்குறிப்பாக இருந்ததைப் பிற்காலத்தார் சான்றாக எடுத்துக்கொண்டதில்தான் பிழை நேர்ந்தது.

அந்தப் பிழையின் விலை மிகத் தெளிவாகத் தெரியும் இடம் அரிஸ்டோலோகியா. கருப்பையைப் போல் வளைந்த பூவுடைய இந்தச் செடியை ஐரோப்பாவில் நூற்றாண்டுக் கணக்கில் மகப்பேற்று மருந்தாகக் கொடுத்தார்கள். இதிலுள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தை அழிக்கும், சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயையும் உண்டாக்கும். 1990களின் தொடக்கத்தில் பிரசல்ஸ் நகரில் உடல் இளைக்கத் தந்த மூலிகை மாத்திரையில் இந்த இனச் செடி தவறுதலாகச் சேர்ந்துவிட, நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களின் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான பொருள்களின் தொகுதியில் இந்த அமிலத்தை வைத்திருக்கிறது. நாட்டு மருந்துகளில் சேரும் ஈசுவரமூலியும் ஆடுதீண்டாப்பாளையும் இதே இனத்தவை. அவற்றிலும் அந்த அமிலம் உண்டு.